ஏ.ரி.வி. வண்டியின் முன் ஷொக்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் முறை

அறுகம்பை கடற்கரையில் வாடகைக்கு ஓடும் ஏ.ரி.வி. வண்டிகளும் (மணலிலும் சேற்றிலும் ஓடும் நாலு சில்லு வண்டிகள்), சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து வட்டைகளில் (வயல்வெளிகளில்) உரமூட்டையும் மருந்துத் தாங்கியும் சுமக்கும் வண்டிகளும் என் கராஜுக்கு ஒரே முறைப்பாட்டோடுதான் வருகின்றன. "முன் ஷொக் போய்விட்டது, வேறு சோடி போட்டுத் தாருங்கள்" என்பார்கள். ஷொக் என்பது சில்லின் அதிர்வைத் தாங்கும், ஸ்பிரிங் பூட்டிய உறுப்பு. சிலர் புதிய சோடியைக் கையோடு கொண்டே வருவார்கள். வண்டியை ஜக்கில் ஏற்றிச் சில்லை ஆட்டிப் பார்த்தால், பிழை பல வேளைகளில் ஷொக்கில் இல்லாமல் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷிலோ (மூட்டுகளின் உள்ளே இருக்கும் உறை), போல் ஜொயின்றிலோ (சில்லைத் திரும்ப விடும் உருண்டை மூட்டு), ரயர்க் காற்றிலோ இருக்கிறது. தேய்ந்த புஷ்ஷின் மேல் புதிய ஷொக்கைப் பூட்டினால் சத்தம் அப்படியே இருக்கும்; பணம் மட்டும் போய்விடும். ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும், கூடிய செலவு வைக்கும் காரணத்தைக் கடைசியிலும் சொல்லியிருக்கிறேன். அந்த வரிசையை மாற்றாமல் பாருங்கள்.

எதையும் கழற்றுவதற்கு முன்

வண்டியை நல்ல தண்ணீரால் கழுவி, குறிப்பாகச் சில்லைச் சட்டத்தோடு இணைக்கும் ஏ வடிவக் கைகளின் அடிப்பக்கத்தில் ஒட்டிய மணலையும் சேற்றையும் நீக்கிக் காயவிடுங்கள். சேறு படிந்த வெல்டிங்கில் வெடிப்பு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. சமதரையில் நிறுத்திப் பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜக்கைச் சட்டத்தின் கீழே கொடுக்க வேண்டும். ஏ வடிவக் கையின் கீழே கொடுத்தால் ஸ்பிரிங் அழுந்தியே நிற்பதால் ஆட்டம் எதுவும் தெரியாது. தூக்கிய பின் சட்டத்தின் கீழே உறுதியான மரக்கட்டையோ தாங்கியோ வைக்காமல் கையை உள்ளே விடாதீர்கள்.

காற்று அளக்கும் கருவி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வண்டிகளின் முன் ரயர்களுக்குப் பொதுவாக 4 முதல் 7 பி.எஸ்.ஐ. வரையான காற்றே போதும். சரியான அளவு வண்டியில் ஒட்டிய பட்டியில் இருக்கும். மோட்டார் சைக்கிளுக்குப் பாவிக்கும் கருவி இந்தக் குறைந்த அளவில் நம்பத்தக்க இலக்கத்தைக் காட்டாது. 0 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை மட்டும் அளக்கும் சிறிய கருவி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது இந்த வேலையில் மிகப் பயனுள்ள செலவு.

அறிகுறி 1: கல்லிலும் குழியிலும் "டொக், டொக்" என்று சத்தம்

முதலில் ஷொக்கின் மேல், கீழ் போல்ற்களின் நட் இளகியிருக்கிறதா என்று பாருங்கள். இளகியிருந்தால் வெறுமனே இறுக்கிவிடாமல், போல்றைக் கழற்றி அதன் உடலைப் பாருங்கள். புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழாய் ஆடி ஆடிப் போல்றில் ஒரு பள்ளம் விழுத்தியிருந்தால், அதை எவ்வளவு இறுக்கினாலும் சில நாட்களில் சத்தம் திரும்பி வரும். போல்றையும் குழாயையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நைலோன் வளையம் உள்ள நட்டை ஒருமுறை கழற்றினால் புதியதையே போடுங்கள்.

நட் இறுக்கமாக இருந்தால் சில்லை ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் பிடித்து, அதாவது மணிக்கூட்டின் 12இலும் 6இலும் கையை வைத்து, உள்ளும் வெளியுமாக அசையுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிறேக்கைப் பிடிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். டிஸ்க் பிறேக் உள்ள வண்டியில், பிறேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் பிழை சில்லுப் பெயரிங்கில் உள்ளது. நிற்காவிட்டால் போல் ஜொயின்றில் அல்லது கையின் புஷ்ஷில் உள்ளது. இந்த இரண்டையும் பிரித்தறிய, ஒருவர் சில்லை அசைக்க நீங்கள் போல் ஜொயின்றின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். கண் காணாத ஆட்டத்தையும் விரல் உணரும். பிறகு விரலைக் கை சட்டத்தோடு சேரும் இடத்துக்கு மாற்றுங்கள். பக்கவாட்டில், அதாவது 3இலும் 9இலும் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால், ரை ரொட்டின் (ஹான்டிலின் திருப்பலைச் சில்லுக்குக் கொண்டுபோகும் தண்டு) முனையைப் பாருங்கள்.

பாணமைப் பக்கம் ஓடிய வாடகை வண்டி ஒன்று மூன்றாவது சோடி ஷொக்கோடு என்னிடம் வந்தது. சத்தம் மட்டும் முதல் நாள் போலவே இருந்தது. கீழ்க் கையைக் கழற்றிப் புஷ்ஷின் குழாயைக் கையில் எடுத்தபோது, ஒரு பக்கம் இரண்டரை மில்லிமீற்றர் தடிப்பாகவும் மறுபக்கம் தகரத் தாள் போலவும் இருந்தது. விரலால் நசித்தால் வளைந்தது. உப்புத்தண்ணீரும் மணலும் சேர்ந்து கிறீஸைக் கழுவி, இரும்பை ஒரு பக்கமாகவே தின்றிருந்தன. நான்கு புஷ்களும் நான்கு குழாய்களும் மாற்றியதோடு அந்தச் சத்தம் நின்றது. அதற்குமுன் வாங்கிய மூன்று சோடி ஷொக்கின் விலையோடு ஒப்பிட்டால் அந்தப் புஷ்களின் விலை மிகச் சிறியது.

போல் ஜொயின்றை அழுத்தி எடுக்கவும் அழுத்திப் பூட்டவும் பிறெஸ் வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் கையின் துளை நீள்வட்டமாகிவிடும், பிறகு முழுக் கையையும் மாற்ற வேண்டி வரும். இந்த இடத்தில் கராஜுக்குக் கொண்டு போங்கள்.

அறிகுறி 2: முன்பக்கம் தாழ்ந்து நிற்கிறது, அல்லது ஒரு பக்கம் சரிகிறது

இரு முன் ரயர்களின் காற்றும் சமமா என்று பாருங்கள். அடுத்து, ஷொக்கின் ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள படிகள் கொண்ட வளையத்தைப் பாருங்கள். பல வண்டிகளில் இதற்கு ஐந்து படிகள் உண்டு. ஒரு பக்கம் இரண்டாம் படியிலும் மறுபக்கம் நான்காம் படியிலும் இருக்கும் வண்டிகளை நான் அடிக்கடி காண்கிறேன். வளைந்த கொக்கிச் சாவியால் இரண்டையும் ஒரே படிக்குக் கொண்டுவாருங்கள்.

அதன் பின்னரும் தாழ்ந்திருந்தால் அளந்து பாருங்கள். முன் சில்லுகள் தரையைத் தொடாமல் தொங்கும்போது, அச்சின் நடுவிலிருந்து அதற்கு நேர் மேலே சட்டத்தில் உள்ள ஓர் அசையாத புள்ளி வரை எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். வண்டியை இறக்கி, வழக்கமாக ஓட்டுபவரை ஏற்றி, வழக்கமான சுமையையும் வைத்து, முன்பக்கத்தை இரண்டு தரம் அழுத்திவிட்டு மறுபடி அளவுங்கள். இரண்டு அளவுகளின் வித்தியாசம், சில்லு மொத்தமாக மேலும் கீழும் போகக்கூடிய தூரத்தில் நாலில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை இருப்பது நல்லது. சில்லின் மொத்தப் போக்கு 160 மில்லிமீற்றர் என்றால், தாழ்வு 40 முதல் 55 மில்லிமீற்றர் வரை இருக்கலாம். படியைக் கடைசி வரை ஏற்றியும் இதைவிடக் கூடுதலாகத் தாழ்ந்தால், ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது அல்லது சுமைக்குப் போதாது.

படியை ஏற்றுவதால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடுவதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அது வண்டியின் நிற்கும் உயரத்தை மட்டுமே மாற்றும். சுமைக்குப் போதாத ஸ்பிரிங்கை ஐந்தாம் படியில் வைத்து ஓட்டுபவர்கள், குழிக்குள் சில்லு கீழே இறங்கித் தரையைத் தொட வேண்டிய தூரத்தைத்தான் இழக்கிறார்கள்.

வட்டையில் ஓடும் வண்டிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. முன் கரியரில் ஒட்டியிருக்கும் எடை எல்லையை வாசித்துப் பாருங்கள். பல வண்டிகளில் அந்த எல்லை 50 கிலோ உரமூட்டை ஒன்றைவிடக் குறைவானது. பெரும்போக விதைப்புக் காலத்தில் மூட்டையை முன்னால் போட்டுக்கொண்டு வரம்பேறி இறங்கிய வண்டிகளே மாரி முடியும்போது முன்பக்கம் குனிந்து வருகின்றன. மூட்டையைப் பின் கரியருக்கு மாற்றுங்கள், அல்லது இழுவைப் பெட்டி பூட்டுங்கள். அங்கும் பட்டியில் உள்ள எல்லையைப் பார்க்க வேண்டும்.

அறிகுறி 3: குழி தாண்டிய பின்னும் வண்டி துள்ளிக்கொண்டே போகிறது

முன் கரியரை இரண்டு கையாலும் நன்றாக அழுத்தி விடுங்கள். வண்டி எழுந்து ஒரு தரத்தில் அடங்க வேண்டும். இரண்டு மூன்று தரம் ஆடி நின்றால் ஷொக்கின் உள்ளே ஒயில் அல்லது வாயு குறைந்துவிட்டது. ஆனால் ரயரில் காற்று மிகையாக இருந்தாலும் வண்டி பந்து போலத் துள்ளும். ஆகவே முதலில் காற்றை அளந்துவிட்டே இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

ஷொக்கின் தண்டைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். தூசியோடு சேர்ந்த மெல்லிய எண்ணெய்ப் படலம் பழுதல்ல. துடைத்துவிட்டு 10, 15 கிலோமீற்றர் ஓடிய பின் பாருங்கள். உடல் வழியே ஒயில் வழிந்திருந்தால் சீல் போய்விட்டது. தண்டின் மேல் நகத்தை நெடுக ஓட்டுங்கள். நகம் எங்காவது மாட்டினால் அங்கே உப்பு அரித்த துளையோ கல் பட்ட வடுவோ இருக்கிறது. புதிய சீல் போட்டாலும் அந்த வடு அதையும் கிழித்துவிடும்.

ஸ்பிரிங்கை அகற்றிய பின் தண்டை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே சீரான தடை இருக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் தடையே இல்லாமல் சட்டென்று போனால் ஒயிலில் காற்றுக் கலந்திருக்கிறது. வாயு நிரப்பிய ஷொக் என்றால், கையை எடுத்ததும் தண்டு தானாக வெளியே வர வேண்டும். உள்ளேயே கிடந்தால் வாயு போய்விட்டது.

ஸ்பிரிங்கை அகற்றுவதற்கு அதற்குரிய அழுத்தும் கருவி கட்டாயம் வேண்டும். கயிற்றால் கட்டியோ இரண்டு பேர் அமத்திப் பிடித்தோ அகற்ற முயல வேண்டாம். பாயும் ஸ்பிரிங் விரலையும் முகத்தையும் உடைக்கும். வாயு ஷொக்கின் உள்ளே உயர்ந்த அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கிறது. அதைத் துளைப்பதும், சூடாக்குவதும், அதன் அருகே வெல்டிங் பிடிப்பதும் உயிராபத்து. திறந்து பழுதுபார்க்கக்கூடிய வகையா, மூடிய வகையா என்பதை ஷொக் வேலை தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள். மூடிய வகையானால் இரண்டு பக்கமும் சோடியாக மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

அறிகுறி 4: பள்ளத்தில் இறங்கும்போது அடியில் "டமார்" என்று இடிக்கிறது

சுமை, ரயர்க் காற்று, வளையத்தின் படி, தாழ்வு அளவு ஆகியவற்றை மேலே சொன்னபடி பாருங்கள். பின்னர் ஷொக்கின் தண்டில், ஸ்பிரிங்குக்குள்ளே தெரியும் றப்பர்த் தடுப்பைப் பாருங்கள். பழைய வண்டிகளில் அது உதிர்ந்து துகளாகிப் போயிருக்கும். தனியாக வாங்க முடிந்தால் மலிவான பொருள்தான். அது இல்லாமல் ஓடிய வண்டியில் ஷொக்கின் மேல் கண்ணி (போல்ற் போகும் வளையம்) பூட்டும் சட்டத்தின் காதையும் (சட்டத்தில் நீட்டி நிற்கும் தகடு) கவனமாகப் பாருங்கள். வர்ணம் மயிரிழை போலப் பிளந்து அந்தக் கோட்டில் துரு கசிந்திருந்தால் இரும்பு வெடிக்கத் தொடங்கிவிட்டது. அந்த வண்டியை ஓட்டக் கூடாது. ஷொக்கைக் கழற்றி அப்புறப்படுத்திவிட்டு, சட்டம் ஒட்டத் தெரிந்த வெல்டரிடம் கொடுங்கள்.

அறிகுறி 5: ஹான்டில் ஒரு பக்கம் இழுக்கிறது அல்லது அலைகிறது

காற்று வித்தியாசம், ரை ரொட் முனை, வளைந்த ரை ரொட் என்ற வரிசையில் பாருங்கள். கடற்கரைப் பாறையிலும் வேலிக்கட்டையிலும் மோதிய வண்டிகளில் ரை ரொட் வளைந்திருக்கும். ஒரு நேரான இரும்புச் சட்டத்தை அதனோடு ஒட்டிப் பிடித்தால் தெரிந்துவிடும். வளைந்ததை நிமிர்த்தாமல் மாற்றுங்கள். இரு முன் சில்லுகளுக்கும் இடையே முன்புறம் உள்ள இடைவெளியையும் பின்புறம் உள்ள இடைவெளியையும் அச்சின் உயரத்தில் சோக்கால் குறித்து அளந்து, வண்டியின் கைநூல் சொல்லும் வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். வண்டி தன் சாதாரண உயரத்தில், தரையில் நிற்கும்போதே இதை அளக்க வேண்டும்.

அறிகுறி 6: வேறு ஷொக் பூட்டிய பின் வந்த பிழைகள்

இந்தப் பகுதிக்காகவே இதை எழுதத் தொடங்கினேன். ஒரு வண்டியின் ஷொக்கை இன்னொரு வண்டிக்குப் பூட்டுவது செய்யக்கூடாத வேலையல்ல. சொந்த ஷொக் கிடைக்காதபோது, கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைத்த சோடியைக் கொண்டு நானும் செய்து கொடுத்திருக்கிறேன். கண்ணி துளைக்குப் பொருந்துகிறது என்பதை மட்டும் பார்த்துப் பூட்டுவதுதான் பிழை.

*வண்டி உயர்ந்து விறைத்து நிற்கிறது.* மேல் கண்ணியின் நடுவிலிருந்து கீழ்க் கண்ணியின் நடு வரை பழைய ஷொக்கையும் புதியதையும் அளந்து பாருங்கள். ஷொக் கையின் நடுப்பகுதியில் பூட்டப்படுவதால், அங்கே 20 மில்லிமீற்றர் நீளம் கூடினால் சில்லு தொங்கும் நிலை 35, 40 மில்லிமீற்றர் வரை மாறிவிடும். நீளம் சமமாக இருந்தும் விறைப்பாக இருந்தால் ஸ்பிரிங் கம்பியின் தடிப்பை அளவுங்கள். சுற்றுகளின் எண்ணிக்கையும் அகலமும் ஒன்றாக இருக்க, கம்பி 9 மில்லிமீற்றரிலிருந்து 10 மில்லிமீற்றராகத் தடித்தால் ஸ்பிரிங் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விறைப்பாகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். ஓட்டுபவரின் மணிக்கட்டுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

*அக்சிலின் றப்பர் உறை கிழிகிறது, திருப்பும்போது "கடக் கடக்" என்கிறது.* இது நாலு சில்லும் இழுக்கும் வண்டிகளில் வருவது. நீளமான ஷொக் சில்லைக் கூடுதலாகக் கீழே தொங்கவிடுவதால் அக்சிலின் முனையில் உள்ள சி.வி. ஜொயின்ற் (வளைந்தபடியே சுழலும் மூட்டு) தன் எல்லைக் கோணத்தில் வேலை செய்கிறது. உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிகின்றன. கிழிந்த உறைக்குள் நம் கடற்கரை மணல் புகுந்தால், உள்ளிருக்கும் கிறீஸ் அரம் போல் தேய்க்கும் பசையாகிவிடும். உறையை மட்டும் மாற்றி ஷொக்கை அப்படியே விட்டால் அடுத்த உறையும் கிழியும். முதலில் ஷொக்கின் நீளத்தைச் சரியாக்குங்கள்.

*ஷொக் புதியது, ஆனால் துள்ளல் நிற்கவில்லை.* மோட்டார் சைக்கிளின் பின் ஷொக்கை வாங்கிப் பூட்டினீர்களா என்று பாருங்கள். இரட்டைக் குழாய் வகை ஷொக்குகள் நிமிர்ந்து நிற்பதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றைத் தலைகீழாகவோ ஏறக்குறையப் படுத்த நிலையிலோ பூட்டினால், உள்ளே ஒயில் இருக்க வேண்டிய இடத்துக்குக் காற்று போய்விடும். ஷொக்கில் பழுது இல்லை, இடம்தான் அதற்குரியதல்ல.

*காது வளைகிறது, போல்ற் அடிக்கடி இளகுகிறது.* புதிய கண்ணியின் அகலம் குறைவாக இருக்கும்போது, நட்டை இறுக்கி இறுக்கிச் சட்டத்தின் காதுகளை உள்ளே வளைத்துவிடுகிறார்கள். கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ உள்ள லேத் பட்டறை ஒன்றில் சரியான அகலத்துக்கு இரும்பு வளையங்கள் கடைந்து இருபுறமும் சமமாகப் போடுங்கள். துளை பெரிதாகவும் போல்ற் சிறிதாகவும் இருந்தால் தகரத்தைச் சுற்றிப் பூட்டாதீர்கள். அதற்கும் குழாய் கடைய வேண்டும்.

*ரயர் மட்கார்டில் உரசுகிறது, அல்லது கை சட்டத்தில் இடிக்கிறது.* முழுதாக அழுந்திய நிலையில் புதிய ஷொக் பழையதைவிடக் குறுகிவிடுகிறது என்று பொருள். இதற்கு நேர்மாறாக, அது போதிய அளவு குறுகாவிட்டால் ஷொக்கே முதலில் முட்டி, முழு அடியையும் சட்டத்தின் காதுக்குக் கொடுக்கும்.

இந்த ஐந்து பிழைகளில், ஷொக்கின் நீளம் பொருந்தாததால் வருபவற்றை ஓட்டுவதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும் சோதனை ஒன்று உண்டு. அரை நாள் பிடிக்கும், ஆனால் தவறாமல் செய்ய வேண்டும். புதிய ஷொக்கின் ஸ்பிரிங்கைக் கராஜில் கழற்றுவித்து, வெறும் உடலை மட்டும் வண்டியில் பூட்டுங்கள். சட்டத்தைக் கட்டையில் நிறுத்திவிட்டு, இன்னொரு ஜக்கைச் சில்லின் கீழே வைத்து, முழுத் தொங்கலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஹான்டிலை இரு எல்லைகளுக்கும் திருப்பி, பிறேக் குழாய் இழுபடுகிறதா, போல் ஜொயின்றின் கழுத்து அதன் கிண்ணத்தில் முட்டுகிறதா, அக்சிலைக் கையால் சுழற்றும்போது எங்கேயாவது இறுகுகிறதா என்று பாருங்கள். மட்கார்டின் உட்புறத்தில் ஈரக் களிமண்ணை உருண்டையாகப் பிடித்து ஒட்டிவிட்டு, சில்லை உச்சம் வரை ஏற்றி இறக்குங்கள். ஒரு வண்டியில் அந்தக் களிமண்ணைப் பிரித்தெடுத்தபோது, ரயரின் பல்லின் அடையாளம் அச்சு வார்த்தது போல் பதிந்து, மிக மெல்லிய இடத்தில் 6 மில்லிமீற்றர் மட்டுமே எஞ்சியிருந்தது. ஓட்டத்தில் ரயர் வளைந்து கொடுக்கும் என்பதால் அந்த 6 மில்லிமீற்றர் போதாது. குறைந்தது அதன் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அந்தச் சோடியை நான் பூட்டவில்லை.

எல்லாம் சரி என்றால் ஸ்பிரிங்கை மறுபடி ஏற்றிப் பூட்டுங்கள். போல்றின் உடலுக்கும் குழாயின் உட்புறத்துக்கும் தண்ணீரில் கரையாத கிறீஸ் பூசுங்கள், புரிகளில் பூச வேண்டாம். றப்பர் புஷ் உள்ள கண்ணியானால் சில்லு தொங்கும் நிலையில் நட்டைக் கடைசிவரை இறுக்காதீர்கள். வண்டியை இறக்கி, அது தன் சொந்த உயரத்தில் நிற்கும்போது இறுக்குங்கள். இல்லாவிட்டால் றப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து விரைவில் பிய்ந்துவிடும். உயரம் மாறியிருந்தால் முன் சில்லுகளின் இடைவெளியை மறுபடி அளந்து ரை ரொட்டைத் திருத்துங்கள். முதல் 50 கிலோமீற்றருக்குப் பின் நான்கு நட்களையும் சாவி வைத்துப் பாருங்கள். அப்போது ஏதேனும் ஒரு நட் இளகியிருந்தால் அதை மறுபடி இறுக்கி ஓட்டாமல், போல்றைக் கழற்றி வளையத்தின் அகலத்தையும் காது நேராக இருக்கிறதா என்பதையும் அளந்து பாருங்கள். காரணம் தெரியாமல் அதே நட் இரண்டாம் முறையும் இளகினால் வண்டியை நிறுத்திவிட்டுக் கராஜுக்கு ஏற்றி அனுப்புங்கள்.